சோற்றின் விலையைக் கொடுப்பவர் யார்?

சந்தையில் உணவுப் பொருளின் விலை உயரும்போது எழுகின்ற குரல், அதன் விலை விழும்போது எழுவதில்லை. 2023ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. நாளேடுகள் அதனைப் பெருஞ்செய்தியாக வெளியிட்டன. சென்னையில் நியாய விலைக் கடைகளிலேயே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசு ஏற்பாடு செய்தது. அது தேவையான நடவடிக்கையே. ஆனால் அதே தக்காளி பறிகூலிக்கும் வண்டிச்சத்தத்திற்கும் கட்டாத விலைக்கு இறங்கி, செடியிலேயே அழுக விடப்படுவதும் சாலையோரம் கொட்டப்படுவதும் நம் நாட்டில் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. அப்போது எந்தக் கடையும் திறக்கப்படுவதில்லை. உண்போரின் துன்பம் செய்தியாகிறது. விளைவிப்போரின் துன்பம் வாடிக்கையாகிவிடுகிறது.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஒரு விலையை நியாயமானது என்று நாம் எதைக்கொண்டு சொல்கிறோம்? விற்பவரும் வாங்குபவரும் மனமொத்து ஏற்றுக்கொண்ட விலையே நியாயமான விலை என்பது சந்தை தரும் விடை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பிடித்தால் கொடுக்கலாம், பிடிக்காவிட்டால் கொண்டு போகலாம் என்பார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இந்த விடை முழுமையானதா? நமக்கு நன்கு தெரிந்த காவிரிப் படுகையின் நெல்லை முன்வைத்து இதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

களத்துமேட்டு உடன்பாடு

1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது முதல், சூன் 12ஆம் நாள் அணை திறக்கப்படுமா என்று எதிர்நோக்கியிருப்பது படுகை மக்களின் வாழ்வில் ஒரு பகுதியாகிவிட்டது. அணை திறந்தால் குறுவை. பின்னர் சம்பா, தாளடி. தண்ணீர் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருவதால் நடவும் ஒரே காலத்தில் நடக்கிறது. அறுவடையும் ஒரே காலத்தில் வருகிறது. தை, மாசித் திங்களில் ஊரெங்கும் நெல் குவிகின்ற அதே நாள்களில்தான் உழவரின் கடன்களும் வாசலில் வந்து நிற்கின்றன. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன், மனைவியின் நகையை அடகு வைத்துப் பெற்ற பணம், உரக்கடையில் எழுதி வைத்த பாக்கி, அறுவடை இயந்திரத்திற்கு மணிக்கணக்கில் கொடுக்க வேண்டிய வாடகை ஆகிய யாவும் நெல்லைப் பார்த்தே காத்திருக்கின்றன.

நெல்லோ ஈரமாக இருக்கிறது. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டிற்கு மேல் ஈரப்பதம் இருக்கக்கூடாது என்பது பொதுவான விதி. உலர்த்துவதற்குச் சிமெண்ட் களம் எல்லாருக்கும் இல்லை. சாலையே பலருக்குக் களம். தார்ப்பாயே பலருக்குக் களஞ்சியம். 2025ஆம் ஆண்டு அக்டோபரில் பெய்த மழையில் குறுவை நெல் படுகை மாவட்டங்களில் நனைந்து முளைவிட்டதை நாடே பார்த்தது. இத்தகைய வேளையில் வியாபாரி ஒருவர் வந்து, அரசு விலைக்கு இருநூறோ முந்நூறோ குறைத்துக் கேட்கிறார். உழவர் தலையசைக்கிறார். நெல் வண்டியேறுகிறது.

உடன்பாடு ஏற்பட்டது உண்மையே. ஆனால் 'இந்த விலைக்கு நான் விற்கவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்' என்று சொல்லும் வாய்ப்பு அந்த உழவருக்கு இருந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. துணிக்கடைக்காரர் இன்று விற்காத துணியை நாளை விற்கலாம். சிமெண்ட் ஆலை உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளலாம். உழவரால் காத்திருக்க முடியாது, முளைவிட்ட நெல் அவருக்காகக் காத்திருக்காது, வட்டியும் காத்திருக்காது. அவர் வாங்குகின்ற உர மூட்டையிலும் பூச்சிமருந்துப் புட்டியிலும் விலை அச்சிடப்பட்டிருக்கிறது. அவர் விற்கின்ற மூட்டைக்கு மட்டும் எதிரே நிற்பவர் விலை சொல்கிறார்.

இதன் விளைவைக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2018-19இல் நடத்திய ஆய்வின்படி, இந்தியாவில் ஒரு வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர்த்தொழிலால் கிடைத்த நிகர வருமானம் 3,798 ரூபாய். கூலியாகவும் சம்பளமாகவும் கிடைத்தது 4,063 ரூபாய். அதாவது, சொந்த வயலில் உழைத்துப் பெற்றதைவிடப் பிறரிடம் வேலை செய்து பெற்றதே அதிகம். வேளாண் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை கடன்பட்டிருந்தன. நாட்டிற்குச் சோறு போடும் குடும்பம், தன் சோற்றுக்கு வேறு வேலை தேட வேண்டியிருக்கிறது என்பதே இந்த எண்களின் பொருள்.

நெருக்கடியில் தரும் ஒப்புதல்

விற்பனையில் நீதி எது என்பதை ஆய்ந்த தூய அக்குவினா தோமையார், தமது இறையியல் தொகுப்பில் ஒரு கருத்தை வலியுறுத்துகிறார். பொருளின் மதிப்பிற்கு மேல் விற்பது அநீதி என்பதை நாம் எளிதில் ஏற்றுக்கொள்கிறோம். மதிப்பிற்குக் குறைவாக வாங்குவதும் அதே அளவு அநீதி என்று அவர் சேர்த்துச் சொல்கிறார். பாவம் விற்பவரிடம் மட்டும் இருப்பதன்று, வாங்குபவரிடமும் இருக்கலாம். சந்தைக்குப் பை எடுத்துக்கொண்டு செல்லும் நம்மில் பலர் இந்த இரண்டாவது பகுதியை நினைப்பதில்லை. குறைவாகக் கொடுத்து வாங்கி வந்தால் அதனைத் திறமை என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம்.

1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை எழுதியபோது, ஆலைத் தொழிலாளரின் கூலியைப் பற்றி இதே வினா எழுந்தது. தொழிலாளரே ஒப்புக்கொண்ட கூலி எப்படி அநீதியாகும் என்று முதலாளிகள் கேட்டனர். தேவையின் நெருக்கடியாலோ இதைவிடப் பெரிய தீங்கிற்கு அஞ்சியோ ஒருவர் குறைந்த கூலிக்கு இசைந்தால், அவர் வன்முறைக்கு ஆளானவரே என்பது திருத்தந்தையின் விடை. ஒப்பந்தத்திற்கு மேலே நீதி ஒன்று உண்டு. அந்த நீதிக்கு ஒப்பந்தமும் கட்டுப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். 1967இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 'பொப்புலோரும் புரோகிரஸ்ஸியோ' மடலில், இந்தக் கோட்பாடு கூலிக்கு மட்டுமன்று, செல்வ நாடுகளும் ஏழை நாடுகளும் செய்துகொள்ளும் வணிக ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும் என்று விரிவுபடுத்தினார். இரு தரப்பாரின் நிலையும் மிகவும் ஏற்றத்தாழ்வாக இருக்கும்போது, அவர்களின் ஒப்புதல் ஒன்றே நீதிக்கு உத்தரவாதமாகாது.

நாடுகளுக்கிடையே பொருந்துகின்ற இக்கோட்பாடு களத்துமேட்டிற்குப் பொருந்தாமல் போகுமா? காத்திருக்க முடிந்தவரும் காத்திருக்க முடியாதவரும் எதிரெதிரே நின்று பேசி முடிக்கும் விலையைச் சந்தையின் விலை என்று சொல்லலாம். நியாயமான விலை என்று சொல்வதற்கு அதற்கு மேலும் ஒன்று வேண்டும். உழைத்தவரின் செலவும், அவர் குடும்பத்தின் பிழைப்பும் அந்த விலைக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

அரசின் விலையும் அதன் எல்லையும்

இந்த உண்மையை நம் நாடு அறியாமலில்லை. 1965ஆம் ஆண்டு சனவரியில் வேளாண் விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் தோன்றின. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. இவ்வளவுக்குக் கீழே விலை விழக்கூடாது என்று ஒரு தளத்தை அமைப்பதே குறைந்தபட்ச ஆதரவு விலையின் நோக்கம். பஞ்சத்தின் அச்சத்திலிருந்து நாடு மீண்டதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. 2025-26ஆம் பருவத்திற்குச் சாதாரண நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையாக 131 ரூபாய் சேர்த்து அப்பருவத்தில் 2,500 ரூபாய் வழங்கியது.

மத்திய அரசு இவ்விலையை நிர்ணயித்தபோது எடுத்துக்கொண்ட உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். அதற்கு மேல் 50 விழுக்காடு சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்தச் செலவில் உழவர் கையிலிருந்து கொடுத்த பணமும், குடும்பத்தாரின் உழைப்புக்கான மதிப்பும் அடங்கும். சொந்த நிலத்திற்குரிய வாடகையும், சொந்த முதலுக்குரிய வட்டியும் அடங்கா. எந்த வணிகரும் தம் கடையின் வாடகை மதிப்பையும் முதலின் வட்டியையும் விட்டுவிட்டு இலாபம் கணக்கிடுவதில்லை. எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம், செலவுக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு கிடைக்க வேண்டும் என்று 2006இல் பரிந்துரைத்தது. எதைச் செலவு என்று கொள்வது என்பதில்தான் உழவர் அமைப்புகளுக்கும் அரசுக்கும் இன்றுவரை வழக்கு. மேலும், இது நாடு முழுவதற்குமான சராசரி. அதிகக் குத்தகை கொடுத்துப் பயிரிடுபவரின் செலவு சராசரிக்கு மேலேதான் இருக்கும். அவருடைய வயலில் அந்த 50 விழுக்காடு எங்கே கரைந்தது என்று யாரும் தேடுவதில்லை.

அறிவிக்கப்படுகின்ற விலை எல்லாருக்கும் கிடைப்பதுமில்லை. நாட்டின் உழவர்களில் 6 விழுக்காட்டினரே ஆதரவு விலைக்கு அரசு நிறுவனங்களிடம் விற்கின்றனர் என்று 2015இல் சாந்தகுமார் குழு தெரிவித்தது. நெல்லுக்காவது இந்த ஏற்பாடு உண்டு. தக்காளிக்கும் வெங்காயத்திற்கும் அதுவும் இல்லை. நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் ஏறத்தாழ 33 காசுதான் உழவருக்குப் போய்ச் சேருகிறது என்று 2024இல் வெளியான இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வுத்தாள் ஒன்று மதிப்பிட்டது. வண்டி, கழிவு, இடைத்தரகு, சில்லறை வணிகம் ஆகியவற்றிற்குச் செலவு உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆயினும் வெயிலும் மழையும் நோயும் ஆகிய முழு இடரையும் சுமப்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது நம் மனச்சான்றை உறுத்த வேண்டிய கணக்கு.

ஏழையின் பசி என்ற எதிர்வாதம்

இங்கே நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. உணவின் விலை உயர்ந்தால் முதலில் பட்டினி கிடப்பவர் ஏழையே. நிலமற்ற கூலித் தொழிலாளரும் நகரத்துக் குடிசைவாழ் மக்களும் அரிசியை விலைக்கு வாங்கித்தான் உண்கின்றனர். சிறு உழவர்கள்கூடப் பலர் விற்பதைவிட அதிகமாக வாங்குகின்றனர். உழவருக்கு நீதி என்று சொல்லி அவரைவிட வறியவரின் தட்டில் கை வைக்கலாமா?

திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1961இல் எழுதிய 'மாத்தர் எத் மஜிஸ்த்ரா' மடலில் இவ்வினாவை நேராகவே எதிர்கொண்டார். வேளாண் விளைபொருள்கள் மனிதரின் அடிப்படைத் தேவையை நிறைவு செய்பவை. ஆகவே அவை எல்லாருக்கும் எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதனைக் காரணம் காட்டி, குடிமக்களில் ஒரு பிரிவாரை மட்டும் நிரந்தரமாகப் பொருளாதாரத் தாழ்நிலையில் வைத்திருப்பது பொதுநன்மைக்கு மாறானது என்றும் உறுதியாகச் சொல்கிறார்.

இக்கருத்தை நாம் நன்கு உள்வாங்கிக்கொள்ள வேண்டும். ஏழைக்கு மலிவான உணவு கிடைக்க வேண்டும் என்பது கடமை. அந்தக் கடமை யாருடையது? சமுதாயம் முழுவதன் கடமை அது. உழவரின் விலையைக் குறைத்து ஏழைக்கு மலிவு விலையில் கொடுப்பது, நாம் செய்ய வேண்டிய அறத்தை இன்னோர் ஏழையின் மடியிலிருந்து எடுத்துச் செய்வதாகும். பிறர் பையிலிருந்து எடுத்துப் போடும் பிச்சைக்குப் புண்ணியம் இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்றும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு சூன் முதல் குடும்ப அட்டைதாரர்களுக்கு அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. அந்த அரிசிக்கான நெல்லை அரசு உழவரிடம் இலவசமாகப் பெறுவதில்லை. விலை கொடுத்தே வாங்குகிறது. உண்பவர் கொடுக்க இயலாத விலையை நாம் எல்லாரும் வரியாகச் செலுத்துகிறோம். குறைகள் பல இருக்கலாம். ஆயினும் உண்பவரின் வயிற்றையும் விளைவிப்பவரின் வாழ்வையும் ஒருங்கே காக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஏழையா உழவரா என்று அவ்விருவரையும் மோதவிடுவதில் நியாயமில்லை. மோதலுக்கு வெளியே வசதியாக நின்றுகொண்டு, முழு விலையையும் கொடுக்க முடிந்தும் கொடுக்காமல் மலிவை அனுபவிப்பவர்களே விடை சொல்ல வேண்டியவர்கள். நடுத்தர வகுப்பாராகிய நம்மில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறோம்.

கூலி கேட்டவர்கள்

உழவர் என்ற சொல்லுக்குள் எல்லாரையும் ஒன்றாக அடைத்துவிடுவதும் தவறாகும். நிலம் வைத்திருப்பவர், குத்தகைக்குப் பயிரிடுபவர், நாற்று நட்டுக் களை பறிக்கும் பெண் தொழிலாளர் ஆகிய மூவரின் நிலையும் ஒன்றல்ல. நியாயமான விலையைக் கேட்பவர் நியாயமான கூலியைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

இதனைக் காவிரிப் படுகை பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கிறிஸ்து பிறப்புவிழாவை நாம் கொண்டாடிய அதே இரவில், கீழவெண்மணியில் தலித் வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்டதும், சங்கமாகச் சேர்ந்ததும் அவர்கள் செய்த குற்றம். அடுத்த ஆண்டு வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அறுத்தவர்களின் கூலி பிடிக்கப்பட்டால் அக்கூலியே இறைவனை நோக்கிக் கூக்குரலிடும் என்று தூய யாகப்பர் எச்சரித்தது, பழங்கால யூத நாட்டு நிலவுடைமையாளருக்கு மட்டும் உரியதன்று.

இன்று கூலி உயர்ந்திருக்கிறது. வேலை நாள்கள் குறைந்திருக்கின்றன. அறுவடை இயந்திரம் வந்த பின்னர், அறுப்புக்கூலியாக நெல் பெற்று ஆண்டுச் சோற்றுக்கு வழி செய்த குடும்பங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிச் செல்கின்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் வேளாண்மையைச் சார்ந்த 11,290 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் 5,207 பேர் பயிரிடுவோர். 6,083 பேர் வேளாண் தொழிலாளர். 'உழவர் தற்கொலை' என்று நாம் பேசும்போது தொழிலாளரின் எண்ணிக்கையே கூடுதல் என்பதை மறந்துவிடுகிறோம். விலையில் நீதி வேண்டும் என்பது, களத்தின் கடைசி மனிதர் வரை அந்நீதி இறங்கி வர வேண்டும் என்பதாகவே பொருள்படும்.

இரக்கமும் நீதியும்

2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. 16 இலட்சத்திற்கும் மேற்பட்ட உழவர்கள் பயன் பெற்றனர். மூழ்குபவரைக் கரையேற்றும் செயலை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் விலை கட்டாததால் வந்த கடன், விலை கட்டாதவரை திரும்பத் திரும்ப வரும். அன்றியும், தம் பெயரில் அடங்கல் இல்லாத குத்தகைதாரர் பலருக்குச் சங்கக் கடனே கிடைப்பதில்லை. ஆகவே தள்ளுபடியும் கிடைப்பதில்லை. கந்துவட்டிக்கு வாங்கிய கடனை எந்த அரசாணையும் தள்ளுபடி செய்வதில்லை. ஒருவருக்கு நீதியாகச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, பின்னர் அதில் ஒரு பகுதியை இரக்கத்தால் கொடுப்பது போன்ற தோற்றம் நல்லதன்று. பெறுபவர் நன்றி சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். உண்மையில் அவர் கடன்காரர் அல்லர், கடன் கொடுத்தவர்.

அரசு செய்ய வேண்டியவை பல. களங்களும் கிடங்குகளும் வேண்டும். கொள்முதல் தாமதமின்றி நடக்க வேண்டும். உண்மையில் பயிரிடுபவரின் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அரசின் வாசலில் வைத்துவிட்டு நாம் விலகிச் செல்ல இயலாது. நமது மறைமாவட்டத்து மக்களில் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்போர் உள்ளனர். பயிரிடுபவருக்கு எழுத்து வடிவில் சான்று கொடுத்தால் அவர் கடனும் பயிர்க் காப்பீடும் வெள்ள நிவாரணமும் பெற முடியும். நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தால் பலர் கொடுப்பதில்லை. அந்த அச்சத்தின் விலையைக் கொடுப்பவர் வயலில் நிற்பவரே. வெள்ளம் வந்து பயிர் அழிந்த ஆண்டிலும் முழுக் குத்தகையையும் கேட்பது சட்டப்படி இயலலாம். ஆனால் அழிவில் பங்கேற்காமல் விளைச்சலில் மட்டும் பங்கேற்பது நீதியாகாது. திருச்சபையின் பெயரில் நிலம் உள்ள இடங்களில் இவற்றை முதலில் கடைப்பிடிக்க வேண்டியவர்கள் குருக்களும் பங்குப் பேரவையினரும் ஆவர். நாம் செய்யாததைப் பிறருக்கு மறையுரையில் சொல்ல முடியாது.

வாங்குவோரின் கடமையும் சிறிதன்று. பெரிய கடையில் அச்சிட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, கீரைக்கட்டு விற்கும் மூதாட்டியிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசும் வழக்கத்தை நாம் கைவிடலாம். ஊரில் விளையும் நெல்லை அன்பியக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து அறுவடைக் காலத்தில் நேரடியாக வாங்கலாம். திருமண விருந்துகளில் குப்பைக்குச் செல்லும் சோற்றை எண்ணி நாணலாம். இவை உலகத்தை மாற்றிவிடா. ஆயினும் விலை என்பது எங்கோ யாரோ நிர்ணயிப்பது என்ற மயக்கத்திலிருந்து இவை நம்மை விடுவிக்கும்.

தைத் திங்களில் நம் ஆலயங்களில் பொங்கல் விழா கொண்டாடுகிறோம். புதிய நெல்லும் கரும்பும் பீடத்தின்முன் காணிக்கையாக வருகின்றன. அவ்வேளையில் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி எளியது. இந்த நெல்லுக்கு உரிய விலை விளைவித்தவருக்கும், நட்டவருக்கும், அறுத்தவருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதா? சேர்ந்திருந்தால் அது நமது காணிக்கை. சேராவிட்டால், நாம் பீடத்தில் வைப்பது இன்னும் பிறருக்கு உரிய பொருளே.